அமெரிக்கப் பழங் காகித நாணயங்களில் பாடபேதம்

கோடை விடுமுறை கழிந்து கலாசாலை திறந்த முதல் வாரத்தில், எம் விடுதித் தோழர் ஒருவர் பழைய கடித உறையொன்றைக் கொணர்ந்து எம் மேசைமேல் வைத்து, அறைக் கதவையும் தாழிட்டார். உறைக்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று உள்ளங்கையினும் பெரியது; பழுப்பேறிய மஞ்சள் நிறத்தது; தொட்டால் சருகுபோல் மொறுமொறுத்தது. அதில் ஐக்கிய நாடுகளின் பாங்கி என்றும், ஆயிரம் டாலர் என்றும், 1840 என்றும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தன. மற்றொன்று தீப்பெட்டியினும் சிறிதே பெரிதான ஓர் அழுக்குக் காகிதம். அதன் முகத்தில் கபில நிறத்தில் ஒரு தபால் தலையின் உருவமும், ஐந்து சென்ட் என்ற சொற்களும் மங்கலாய்த் தெரிந்தன.

தோழரின் பாட்டியாருடைய மரப்பெட்டியிலிருந்து இவை கிடைத்தனவாம். அமெரிக்க மிஷனரிமார் 1834-ஆம் ஆண்டு முதல் மதுரைச் சீமையில் ஊழியம் செய்தவர்களாதலின், அவர்கள் பங்களாவொன்றில் ஆயாவாக இருந்த ஒரு முன்னோர் வழியாக இக்காகிதங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்திருத்தல் வேண்டுமென்பது வீட்டார் துணிபு. தோழரின் தங்கைக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்திற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதா என்று தந்தையார் மயங்கியிருந்த வேளை அது. பெரிய காகிதத்தின் படத்தைக் கைப்பேசியில் கண்ட ஒரு பழம்பொருள் வணிகர், அது பல லட்ச ரூபாய் பெறும் என்று சொல்லி, அமெரிக்காவிலிருந்து சான்றிதழ் வருவிக்க 5,000 ரூபாய் முன்பணம் கேட்டாராம். சிறியதைப் பற்றிக் கேட்டதற்கு, அதை இனாமாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று சிரித்தாராம்.

“நீ இவற்றைப் பற்றிப் படித்தவனாயிற்றே, பார்த்துச் சொல்” என்றார் தோழர். இரண்டாண்டுகளுக்கு முன், நூல்நிலையத்தில் வேறெதையோ தேடப்போய் அமெரிக்க நோட்டுகளின் விளக்கப் பட்டியல் ஒன்றில் அகப்பட்டுக்கொண்ட நாம், அன்று முதல் இத்துறையில் சிறிது பழகியிருந்தோம். பெரிய காகிதத்தின் வரிசை எண்ணைப் பார்த்தவுடனேயே நம் உள்ளம் சோர்ந்தது. அவ்வெண் 8894.

இவ்வெண்ணின் வரலாறு அத்துறையார் அனைவரும் அறிந்ததொன்று. 1840 என்ற தேதியும் ஆயிரம் டாலர் என்ற மதிப்பும் 8894 என்ற எண்ணும் தாங்கிய அப்பாங்கி நோட்டின் போலிப் பிரதிகள், பழைய தோல்போலப் பதப்படுத்திய மஞ்சள் காகிதத்தில், விளையாட்டுப் பொருளாகவும் நினைவுப் பொருளாகவும் எண்ணின்றி அச்சிடப்பட்டன. மெய்யான நோட்டுகள் இரண்டிற்கு ஒரே வகையில் ஒரே எண் அமைதல் கூடாது. ஆயிரம் வீடுகளில் ஒரே எண்ணுள்ள நோட்டு இருக்குமாயின் அவை யாவை என்பது சொல்லாமலே விளங்கும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். செதுக்கிய செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ அழுத்தி அச்சிட்டதாயின் மை காகிதத்தின்மேல் சற்றே எழுந்து நின்று விரலுக்குத் தட்டுப்படும். இதிலோ கையொப்பம் உட்பட அனைத்தும் ஒரே தட்டையாய்ப் படிந்திருந்தன. பேனாவால் இட்ட கையொப்பத்தின் மை காலத்தால் பழுப்பேறி நார்களில் ஊறியிருக்க வேண்டும். இங்கே ‘கையொப்பமும்’ அச்சே. உள்ளதை உள்ளபடி சொன்னோம். தோழர் உறையை எடுத்துக்கொண்டு போனவர், பதினைந்து நாள் எம்மோடு பேசவில்லை.

நிற்க. அந்தப் பதினைந்து நாளில் எமக்குள் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கனுக்கு அமெரிக்க நோட்டில் என்ன வேலை என்று வினவும் நண்பர்கள் உளர். எமது விடை இது: வகுப்பில் நாம் நாள்தோறும் செய்வது பாடபேதம் காண்டல். ஒரே செய்யுள் ஓர் ஏட்டில் ஒருவாறாகவும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறாகவும் இருக்கக் கண்டால், எது மூலம், எது ஏடு எழுதினோன் பிழை, எது பின்னோர் திருத்தம் என்று ஆராய்கின்றோம். 1942-இல் மறைந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய் அலைந்து சுவடிகளை ஒப்புநோக்கியதும் இதற்காகவே. பழைய காகித நாணயத்தின் வகைகளைப் பிரித்தறிதலும் இத்தொழிலின் உடன்பிறப்பே என்பது நம் கொள்கை. அதை விலை பேசும் கலையாக மட்டும் கருதுவோர் அதன் பாதியையே அறிந்தவர்கள்.

அமெரிக்காவில் இத்துணை வகைகள் பெருகிய காரணத்தைச் சிறிது காண்போம். மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தார், க்யூபெக்கின்மேல் படையெடுத்துத் தோற்றுத் திரும்பிய தம் வீரர்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் பணமின்றி, 1690-இல் காகிதச் சீட்டுகளை வெளியிட்டனர். பிற குடியேற்றங்களும் அவ்வழியே சென்றன. அச்சுத் தொழிலாளராய் வாழ்க்கை தொடங்கிய பெஞ்சமின் பிராங்கிளின், போலி செய்வோரைத் தடுக்க ஒரு நூதனம் கண்டார். மெய்யான இலையொன்றின் நரம்புகளை அச்சில் வார்த்து நோட்டின் பின்புறத்தில் பதித்தார். இலையின் நரம்பு இறைவன் வரைந்தது. கள்ளன் கை அதை வரைய இயலாதன்றோ! கள்ள நோட்டு அடித்தால் மரணம் என்ற எச்சரிக்கையும் அந்நாளைய நோட்டுகள் பலவற்றில் அச்சிடப்பட்டிருக்கும்.

சுதந்தரப் போர் மூண்டபோது 1775 முதல் 1779 வரை காங்கிரசு வெளியிட்ட ‘கான்டினென்டல்’ நோட்டுகள் 24 கோடி டாலருக்கு மேற்பட்டன. அவற்றின் காகிதத்தில் நீல நார்களும் அப்பிரகத் துகள்களும் கலக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நோட்டும் கையால் ஒப்பமிடப்பட்டது. எனினும் பிரிட்டிஷார் நியூயார்க்கிலிருந்து போலிகளைப் பரப்பினர். அளவுக்கு மிஞ்சி அச்சிட்டதும் சேர்ந்து மதிப்பு அறவே வீழ்ந்தது. ஒரு ‘கான்டினென்டல்’ பெறாது என்ற வசை அந்நாட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. 1775-ஆம் ஆண்டின் இருபது டாலர் நோட்டு மட்டும் இடப்பக்க விளிம்பில் பலவண்ணச் சலவைக்கல் கோலம் கொண்டது. ஒருமுறை கண்டவர் மறவார்.

அதன்பின் உள்நாட்டுப் போர் வரை நோட்டு வெளியிட்டவை பெரும்பாலும் தனியார் பாங்கிகளே. மாகாண அரசின் பட்டயம் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாங்கிகள், ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி, தன் சித்திரத்தோடு நோட்டு அடித்தன. கடைக்காரன் ஒருவன் நாளொன்றுக்கு நூறு வகைக் காகிதங்களைக் கையில் வாங்க வேண்டியிருந்தது. முறிந்த பாங்கியின் நோட்டு, இல்லாத பாங்கியின் நோட்டு, ஒரு டாலரைச் சுரண்டிப் பத்து டாலராக்கிய நோட்டு ஆகியவற்றை அறிந்துகொள்வதற்கென்றே பத்திரிகைகள் வெளிவந்தன; கடைக்காரர்கள் அவற்றைக் கல்லாப் பெட்டியருகே வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆகவே வகையறிதல் என்பது பிற்காலச் செல்வர் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அன்று. அந்நாளில் அரிசியும் துணியும் விற்றவனுக்கு அது பிழைப்பு.

இனி, எமது கட்சிக்கு உயிர்நிலையான இடத்திற்கு வருவோம். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் மத்திய அரசு முதன்முதலாக ‘டிமாண்டு’ நோட்டுகள் என்பனவற்றை 5, 10, 20 டாலர்களில் வெளியிட்டது. மொத்தம் 6 கோடி டாலர். நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன், சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் ஆகிய ஐந்து நகரங்களுள் ஒன்றின் பெயர் ஒவ்வொன்றிலும் குறிக்கப்பட்டிருக்கும். பின்புறம் பச்சை மையால் அச்சிடப்பட்டமையின் ‘பச்சை முதுகு’ என்ற பெயர் பிறந்தது. இவற்றில் பொக்கிஷ முத்திரை கிடையாது. பொக்கிஷத் தலைவர்கள் இருவர் இலட்சக்கணக்கான நோட்டில் ஒப்பமிடுதல் கூடாதாகையால், குமாஸ்தாக்கள் அவர்களுக்காகக் கையெழுத்திட்டனர். அவ்வாறு இடும்போது ‘இன்னாருக்காக’ என்று பொருள்படும் இரண்டு சிறு ஆங்கிலச் சொற்களை ஒவ்வொரு நோட்டிலும் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. கை சலித்தது; வேலை தேங்கியது. சில நாளில் தகட்டைத் திருத்தி அச்சொற்களையும் அச்சிலேயே சேர்த்துவிட்டனர். அவ்விரு சொற்களும் பேனாவால் எழுதப்பட்ட நோட்டுகள் இன்று மிகமிக அரியன.

இவ்வேறுபாட்டைக் கேள்வியுற்ற எம் அறைத் தோழர் மற்றொருவர் நகைத்தார்; இரண்டு சொல்லுக்கா இத்தனை ஆரவாரம் என்றார். நமக்கோ அவ்விரு சொற்களில் ஒரு பெரிய காட்சியே தெரிகின்றது. போர்ச் செய்தி வந்துகொண்டிருக்கும் தலைநகரில், மங்கிய விளக்கொளியில், பெயர் தெரியாத குமாஸ்தா ஒருவர் நூறாவது நோட்டில், ஆயிரமாவது நோட்டில், ‘இன்னாருக்காக’ என்று எழுதிக்கொண்டிருக்கின்றார். ஓர் அரசு தன் வாழ்வுக்குப் போராடும் அவசரம் அக்கையெழுத்தின் சாய்விலேயே இருக்கின்றது. அச்சில் சேர்த்த பின் அவசரம் ஒழுங்காகிவிட்டது.

இன்னொன்று இதனினும் சிறந்தது. 1862-ஆம் ஆண்டு பெப்ரவரிச் சட்டத்தின்படி வெளியான ‘லீகல் டெண்டர்’ நோட்டுகளில் ஐந்து டாலரும் அதற்கு மேற்பட்டனவும் பின்புற வாசகத்தில் இரு வகைப்படும். முதல் வகையின் வாசகம், சுங்கவரியும் அரசாங்கக் கடனின் வட்டியும் நீங்கலாக எல்லாக் கடனுக்கும் இது செல்லும் என்று கூறி, இதனை நூற்றுக்கு 6 வட்டி தரும் அரசாங்கக் கடன் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் உறுதி தருகின்றது. இரண்டாம் வகையில் அவ்வுறுதி இல்லை. அரசுக்குக் கொடுக்கும் கடன்களில் இது பெற்றுக்கொள்ளப்படும் என்ற வேறு வாசகம் வந்துவிடுகின்றது. 1863 மார்ச்சுச் சட்டம் அம்மாற்று உரிமையை அவ்வாண்டு ஜூலை முதல் தேதியோடு முடித்துவிட்டது. முகத்தில் உருவம் ஒன்றே. எண்ணும் வண்ணமும் ஒன்றே. புரட்டிப் பார்த்துப் படித்தாலன்றி வேறுபாடு புலப்படாது. ஆனால் அவ்வேறுபாடு யாது? ஓர் அரசு தன் குடிகளுக்குக் கொடுத்த வாக்கு மாறிய இடம் அது. இதனைப் பாடபேதம் என்னாமல் வேறென்னென்பது! பட்டியல்களில் இது ‘முதற் கடப்பாடு’, ‘இரண்டாங் கடப்பாடு’ என்ற இரண்டு தலைப்புகளாய், விலை வேறுபாட்டுக்குரிய செய்தியாய் மட்டும் கிடக்கின்றது. அதை வாங்குவோருள் எத்தனை பேர் அவ்வாசகங்களை வாய்விட்டுப் படித்திருப்பர் என்று நாம் ஐயுறுகின்றோம்.

வகை காணும் முறையை எழுதப் புகின் கட்டுரை நீளும். இன்றியமையாத சிலவற்றை மட்டும் சொல்வோம். முதலில் அளவு. 1929-க்கு முற்பட்ட அரசாங்க நோட்டுகள் இப்போதையவற்றினும் பெரியன. சுமார் ஏழரை அங்குல நீளமும் மூன்று அங்குலத்திற்குச் சற்று அதிகமான அகலமும் உடையன. நோட்டில் அச்சிட்ட ஆண்டை அது அடிக்கப்பட்ட ஆண்டாகக் கொள்ளுதல் கற்றுக்குட்டியின் முதற் பிழை. அஃது அவ்வரிசை தொடங்கிய ஆண்டோ, சட்டத்தின் ஆண்டோ ஆகும். அதே ஆண்டைத் தாங்கியே பல வருஷம் அச்சிடுவர். அடித்த காலத்தைக் காட்டுவது அதிகாரிகள் இருவரின் கையொப்ப இணை. அவ்விருவரும் ஒருங்கே பதவியிலிருந்த காலம் தெரியுமாதலால், இணையைக் கண்டால் காலம் விளங்கும். நம் கல்வெட்டாராய்ச்சியாளர் மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் கொண்டு காலங் கணிப்பதை இது நினைப்பூட்டும்.

கையொப்பத்தோடு முத்திரையையும் சேர்த்து நோக்க வேண்டும். 1890-ஆம் வரிசையின் ஒரு டாலர் பொக்கிஷ நோட்டை உதாரணமாகக் கொள்வோம். ஸ்டான்டன் என்ற போர் மந்திரியின் உருவம் தாங்கிய அது மூன்று வகைப்படும். ரோஸ்கிரான்ஸ், ஹியூஸ்டன் என்ற கையொப்பங்களோடு பெரிய கபில முத்திரை. ரோஸ்கிரான்ஸ், நெபெக்கர் என்ற கையொப்பங்களோடு அதே பெரிய கபில முத்திரை. பின்னர் அதே நெபெக்கர் காலத்திலேயே சிறிய சிவப்பு முத்திரை. கையொப்பம் மட்டும் பார்த்தவன் பின் இரண்டையும் ஒன்றெனக் கொள்வான். முத்திரை மட்டும் பார்த்தவன் முன் இரண்டையும் ஒன்றெனக் கொள்வான். இவ்வரிசையின் ஆயிரம் டாலர் நோட்டில், பின்புறத்துச் சுழியங்கள் மூன்றும் வரியோடிய கொம்மட்டிப் பழம்போலத் தோன்றுதலால் ‘பெரிய கொம்மட்டி’ என்று அதற்குப் பட்டப்பெயர். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் அவற்றுள் ஒன்று 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

தேசிய பாங்கி நோட்டுகளின் கதை தனி. 1863 முதல் 1935 வரை பட்டய எண் பெற்றவை 14,000-க்கும் மேற்பட்ட பாங்கிகள். அவற்றின் நோட்டுகளில் ஊர்ப் பெயரும் அவ்வூர்ப் பாங்கியின் தலைவர், காசாளர் கையொப்பங்களும் இருக்கும். 1902-ஆம் வரிசையில் முன்னவை சிவப்பு முத்திரையும், 1908-க்குப் பிந்தியவை நீல முத்திரையும் உடையன. நீலத்திலும் பின்புறத்தில் 1902-1908 என்ற ஆண்டுகள் பொறித்தவை ஒருவகை, அவை இல்லாதவை மற்றொருவகை. சிற்றூர் ஒன்றின் பாங்கியில் நாலைந்து நோட்டே இன்று எஞ்சியிருப்பின், அந்த ஊரார்க்கு அது தம் ஊர்ப் பெயர் பொறித்த செப்பேடு போன்றது.

தென்னாட்டுக் கூட்டமைப்பின் நோட்டுகளைப் பற்றி ஒரு சொல். அவை சமாதான உடன்படிக்கைக்குப் பின் இத்தனை மாதத்தில் பணம் தருவோம் என்று வாக்களித்தன. தோல்வியால் வெறுங் காகிதமாயின. அப்போர் நடக்கும்போதே பிலடெல்பியா வணிகரான சாமுவேல் அப்பாம் என்பவர் அவற்றின் போலிகளை அடித்து, அடியில் தம் பெயரையும் கடை விலாசத்தையும் பொறித்து, நினைவுப் பொருளென்று விற்றார். வாங்கியோர் அடிவரியைக் கத்தரித்துவிட்டுத் தெற்கே செலவிட்டனர். இன்று அந்த அப்பாம் போலிகளையும் ஆவலோடு தேடிச் சேர்ப்போர் உளர். அடிவரி கத்தரிக்கப்படாதிருப்பின் அதற்கு மதிப்பு அதிகம்! பொய்யும் தன் காலத்தில் பிறந்ததாயின் சரித்திரச் சான்றாகின்றது. எம் தோழருடைய 8894 அத்தகைய பொய்யும் அன்று.

இங்கே சேகரிப்போர்மேல் எமக்குள்ள குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. 1953-இல் ராபர்ட் பிரீட்பெர்க் என்பார் வெளியிட்ட பட்டியல் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் தந்தது. அவ்வுதவி பெரிது, எல்லோரும் ஒரே பெயரால் பேச வழியாயிற்று. ஆனால் காலப்போக்கில் பலர் நோட்டைப் படிப்பதை விட்டு எண்ணைப் படிக்கத் தொடங்கினர். நூலடுக்கின் இலக்கத்தை அறிந்தவன் நூலை அறிந்தவனாவானா? மேலும் நோட்டைச் சோப்பு நீரில் அலம்புதல், இஸ்திரி போடுதல், ஓரத்தை நேராகக் கத்தரித்தல் ஆகிய கொடுமைகள் விலை ஏற்றுவதற்கென்றே செய்யப்படுகின்றன. இஸ்திரி போட்டால் செதுக்கச்சின் மேடுபள்ளம் மறையும். அலம்பினால் காகிதத்தின் உடலும் மையின் ஒளியும் குன்றும். ஏட்டுச்சுவடியின் சிதைந்த ஓரத்தை அழகுக்காக அறுத்தெறிபவனை நாம் என்ன சொல்வோம்?

ஆயினும் எல்லா வேறுபாடும் ஒரு நிறையின என்று நாம் வாதிக்கவில்லை. மூன்று சென்ட் சில்லறை நோட்டில் வாஷிங்டன் உருவத்தின் பின்னணித் திரை வெளிறியதா கருத்ததா என்று பார்த்து இரு வகை செய்கின்றனர். எமக்கு அஃது அற்பமாகவே படுகின்றது. ஏடெழுதினோன் எழுத்தாணி சற்று அழுந்திய இடத்தையெல்லாம் பாடபேதமாகக் குறிக்கும் பதிப்பாசிரியரைப் படிப்போர் பொறுப்பரோ? காரணம் காட்டும் வேறுபாடே கருதத்தக்கது. அதே மூன்றாம் வெளியீட்டின் ஐந்து சென்ட் நோட்டில், அலுவலகத் தலைவரான ஸ்பென்சர் கிளார்க் என்பார் தம் உருவத்தையே அச்சிட்டுவிட்டார்! காங்கிரசு சினந்து, உயிரோடிருப்போர் உருவம் நாணயக் காகிதத்தில் வருதல் கூடாதென 1866-இல் சட்டம் செய்தது. இது கருதத்தக்க வேறுபாடு.

சில்லறை நோட்டு என்றதும் எம் தோழரின் சிறிய காகிதம் நினைவுக்கு வரும். பதினாறாம் நாள் அவர் திரும்பவும் வந்தார். முன்பணம் கொடுக்கவில்லையாம். முகம் வாடியிருந்தது. “அந்தச் சிறியதையாவது பார்” என்றார்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் மக்கள் பொன்னையும் வெள்ளியையும் பதுக்கினர். சில்லறை காணாமற் போயிற்று. தபால் தலைகளைச் சில்லறையாக மாற்றினார்கள். அவையோ பசையால் ஒட்டிக்கொண்டன. அப்போது பொக்கிஷத் தலைவர் ஸ்பின்னர் தபால் தலைகளைக் காகிதத் துண்டில் ஒட்டி, சில்லறைக்கு ஒரு மாதிரி காட்டினார். அதன் பயனாக 1862-இல் 5, 10, 25, 50 சென்ட் மதிப்பில் ‘தபால் நாணயம்’ வெளிவந்தது. ஐந்து சென்ட்டில் ஜெபர்சன் தலையும், பத்து சென்ட்டில் வாஷிங்டன் தலையும். இருபத்தைந்தில் ஐந்து ஜெபர்சன், ஐம்பதில் ஐந்து வாஷிங்டன். முகத்தை ஒரு கம்பெனியும் முதுகை மற்றொரு கம்பெனியும் அச்சிட்டன. முதலில் தபால் தலையைப் போலவே துளை விளிம்போடு அடித்தனர். தேவை பெருகப் பெருக, துளையிட நேரமின்றி நேர் விளிம்பாகவே வெட்டி அனுப்பினர். மேலும் பின்புறத்து மூலையில் அமெரிக்கன் பாங்க் நோட்டுக் கம்பெனியின் சிறு எழுத்துக் குறி சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே ஒவ்வொரு மதிப்பும் நான்கு வகை: துளையும் குறியும் உள்ளது, துளையிருந்து குறியில்லாதது, துளையின்றிக் குறியுள்ளது, இரண்டும் இல்லாதது. குறியில்லாதவை பொதுவாக அருமை.

காகிதத்தைச் சன்னலருகே கொண்டுசென்றோம். மூன்று விளிம்பும் நேராக இருந்தன. நேர் விளிம்பு வகையென்று சொல்ல வாயெடுத்தோம். நான்காம் விளிம்பில் பூதக்கண்ணாடி படிந்தபோது, அரைவட்டப் பற்கள் வரிசையாய்த் தெரிந்தன. எண்ணிப் பார்த்தோம், ஐயமில்லை. இது துளை விளிம்பு நோட்டே. எவரோ மூன்று பக்கமும் கத்தரித்திருக்கின்றார்கள். பின்புறத்தில் ஒரு கறை. கறைக்கடியில் குறி இருந்தால் ஒரு வகை, இல்லையேல் அரிய வகை. தோழர் மூச்சையடக்கி நின்றார். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து நோக்க, ஒன்றோடொன்று பின்னிய எழுத்துகளின் வளைவு மெல்லப் புலப்பட்டது. குறி இருந்தது.

மெய்யான நோட்டு, சாதாரண வகை, அதிலும் ஓரம் போனது. சேகரிப்போர் இதற்குத் தரும் விலை செவிலியர் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு நாள் பங்குக்கும் காணாது. இதையும் சொல்ல வேண்டியதாயிற்று. இம்முறை தோழர் கோபிக்கவில்லை. ஓரத்தை வெட்டியது யாரென்று அறிய மட்டும் விரும்பினார். அன்றிரவே பாட்டியாரிடம் தொலைபேசியில் கேட்டார். எமக்கும் கேட்கும்படி வைத்தார். பாட்டியாரின் மறுமொழியை அவர் சொன்னபடியே தருகின்றோம்: “எங்க அம்மாச்சிதான் வெட்டினாங்கப்பா. பல்லுப் பல்லா இருந்து வேதப்புத்தகத் தாளைக் கிழிக்குதுன்னு கத்திரியால நறுக்கிட்டாங்க. ஒரு பக்கம் உள்ளே இருக்கும், அது கிழிக்காதுன்னு விட்டுட்டாங்க. அவங்க வேலையை விட்டு வந்தப்ப அந்த அம்மா கையில குடுத்தது அது. பெருசு யாரு வச்சதோ, எனக்குத் தெரியாது.”

எந்தப் பட்டியலிலும் இந்த வகைக்கு எண் இல்லை. கத்தரிக்கப்பட்டது குறை என்றே பட்டியல் கூறும். நாமும் சற்று முன் கத்தரிப்போரைக் கொடியோர் என்றோம். அக்கூற்றை இந்த ஓர் இடத்தில் மட்டும் மீட்டுக்கொள்ளுகின்றோம். விலை ஏறக் கத்தரித்தவனையும், வேதப்புத்தகத்தின் தாள் கிழியாதிருக்கக் கத்தரித்தவளையும் ஒரே பெயரால் அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

கலாசாலை அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் நூல்நிலையத்திற்கு நன்கொடையாக வந்த பழைய நூல்களுள் கடிதங்கள், சீட்டுகள், நோட்டுகள் பல செருகிக் கிடக்கின்றன. புத்தகம் தைக்கும்போது அவற்றைக் குப்பையில் சேர்த்துவிடுகின்றார்கள். ஒரு பூதக்கண்ணாடியும், அமிலமற்ற தாள் உறைகளும், எந்நூலின் எப்பக்கத்தில் கிடைத்ததென்று குறிக்க ஒரு பேரேடும் வாங்கிக் கொடுத்தால், தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர் சிலர் சனிக்கிழமை தோறும் வந்து அவ்வேலையைச் செய்ய ஆயத்தமாயிருக்கின்றோம். செலவு அந்த வணிகர் கேட்ட முன்பணத்தினும் குறைவே.

தோழரின் தங்கை கட்டணத்தில் பாதியைச் சபையார் கடனாகக் கொடுத்தனர். மீதிக்குப் பத்திரம் அடகு போயிற்று. 8894 எண்ணுள்ள ஆயிரம் டாலர் எம் விடுதி அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. பார்க்க விரும்புவோர் மாலை 5 மணிக்கு மேல் வரலாம். ஐந்து சென்ட் காகிதம், பல் விளிம்பு உட்பக்கமாய் அமையும்படி, அது முன்பிருந்த இடத்திலேயே பாட்டியாரிடம் இருக்கின்றது.